அடுத்த மார்கழிக்குள் ஒரு சாய்தளம், ஒரு கழிப்பறை

சென்னை சபா நிர்வாகிகள் அனைவருக்கும்,

வணக்கம். அடுத்த சீசனுக்கான வேலைகளைத் தொடங்கியிருப்பீர்கள். கலைஞர்களிடம் தேதி வாங்குவது, நன்கொடையாளர்களைப் பார்ப்பது, கேன்டீனை யாரிடம் விடுவது என்று தலைக்கு மேல் வேலை இருக்கும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி அரங்குக்குள் போக ஒரு சாய்தளம் வேண்டும். அது நுழையும்படி ஒரு கழிப்பறை வேண்டும்.

என் அம்மா இளவயது முதல் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்வந்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். போன டிசம்பரில் ஒரு மாலைக் கச்சேரிக்கு அழைத்துப் போனேன். வாசலில் படிகள். டிக்கெட் பார்ப்பவரும் கார் ஓட்டி வந்தவரும் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் உள்ளே போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, நாற்காலி ஒரு பக்கம் சாய, அம்மா புடவையைக் காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று காலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. கழிப்பறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய். அப்படியும் முடியவில்லை. கழிப்பறை வாசலில் நாற்காலியின் சக்கரம் நிலையில் முட்டி நின்றது. உள்ளே இன்னொரு படி வேறு. திரும்பி வந்து உட்கார்ந்தார். தோடி ராக ஆலாபனை முடிந்து, பல்லவிக்கு முன் பாடும் தானம் தொடங்கியபோது என் கையைத் தட்டி, "போயிடலாம்டி" என்றார். பல்லவிக்காகவே வந்தவர் அவர். மறுபடியும் ஆள் தேடி, தூக்கி, இறக்கினோம்.

"ஆன்லைனில் பார்க்கலாமே" என்று உங்களில் ஒருவர் சொன்னார். வீட்டில் பார்க்கத் தெரியாமலா வந்தோம்? பக்கத்து இருக்கைக்காரரோடு சேர்ந்து தாளம் போடத்தானே வந்தோம். "மண்டபம் எங்களுடையது இல்லை, வாடகைக்கு எடுக்கிறோம்" என்றார் இன்னொருவர். சரி. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் மேடை அலங்காரம், விளம்பரப் பலகைகள், கேன்டீன் பந்தல் எல்லாம் போட முடிகிறது. சீசன் முடிந்ததும் கழற்றி வைக்கும்படி மரத்தில் ஒரு சாய்தளம் போட முடியாதா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. சில அரங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் மூட்டை ஏற்றுவதற்குப் போட்டதுபோல் அவ்வளவு செங்குத்து. கையை விட்டால் நாற்காலி தெருவில் போய் நிற்கும்.

2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களில் ஒன்றாக, இசைக்காக, சென்னையைச் சேர்த்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள் வந்ததும் அதே 2017-இல்தான். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைத்திருக்க வேண்டும். அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் மெரினா மணலிலேயே சக்கர நாற்காலிக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். கடல்வரை போக வழி செய்ய முடிந்த ஊரில், கச்சேரிக்குள் போக வழியில்லை.

இளைஞர்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு தொடக்க விழாவிலும் வருத்தப்படுகிறீர்கள். வந்துகொண்டே இருந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்டீர்களா? முழங்கால் போனவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், கைத்தடி ஊன்றுகிறவர்கள். உறுப்பினர் சந்தா கட்டி, காலி நாற்காலிகளுக்கு நடுவே மதியக் கச்சேரிகளையும் கேட்டு உங்களை வளர்த்தவர்கள் அவர்கள்தான். மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாடகர் உங்கள் மேடைக்கு எந்த வழியாக ஏறுவார்?

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். நான் கேட்பது அதே இரண்டுதான்: அளவாகப் போட்ட ஒரு சாய்தளம், நாற்காலி நுழையும் ஒரு கழிப்பறை. நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும்போது இந்த வசதி இருக்கிறதா இல்லையா என்று அரங்கின் பெயருக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். இல்லை என்றாலும் போடுங்கள். எந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பது என்று அம்மா அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
ஒரு ரசிகையின் மகள்