காரை இறக்குவதற்கு முன் புஷ்ஷைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் பூட்டிய வேகமான கார்) வைத்திருப்பவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் மொழியில் இப்படி ஒரு விஷயத்தை எழுத ஆள் இருக்கிறாரே என்று சந்தோஷம்தான். ஆனால் சஸ்பென்ஷனை (சக்கரத்தை வண்டியோடு சேர்த்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பை) மேம்படுத்த முதல் வேலையாகக் கட்டியான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் இறக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தீர்களே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்பிரிங் கடைசி வேலை. சில வண்டிகளுக்கு அந்த வேலையே தேவைப்படாது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். எங்கள் ஊரில் மசில் கார் என்று சொன்னால் அமெரிக்க வண்டி மட்டும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் போர்ட் எலிசபெத்தில் பூட்டப்பட்ட ஃபோர்டு ஃபேர்மான்ட் ஜிடி இருக்கிறது. ஆஸ்திரேலிய ஃபால்கனின் உடம்பு, உள்ளே 351 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். ஜோகன்னஸ்பர்க் பக்கம் பேசில் கிரீன் என்பவர் சின்ன ஃபோர்டு கேப்ரிக்குள் 302 கன அங்குல வி8 எஞ்சினைத் திணித்துச் செய்த பெரானா இருக்கிறது. 1973இல் சுமார் 100 வண்டி மட்டும் செய்த செவ்ரொலே கேன்-ஆம் இருக்கிறது, அதை இப்போது கண்ணால் பார்ப்பதே அபூர்வம். எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: எஞ்சின் பெரியது, அடியில் இருப்பது சாதாரணக் குடும்ப வண்டியின் சஸ்பென்ஷன். அதனால் மேம்படுத்த வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பிரச்சினை.

ஃபேர்மான்ட்டையே எடுத்துக்கொள்வோம், எனக்குப் பழக்கமான வண்டி அது. ஓட்டும்போது மிதக்கிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, வளைவில் மூக்கு தாமதமாகத் திரும்புகிறது என்று சொல்பவர்கள் எல்லாரும் அது அந்த வண்டியின் பிறவிக் குணம் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஐம்பது வருஷத்து ரப்பர் அது. முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது ஒற்றைக் கை ஒன்று (சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் இரும்புக் கை, மேலேயும் ஒன்று உண்டு), அதோடு முன்னாலிருந்து வரும் ஒரு கம்பி. அந்தக் கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் புஷ், அதாவது இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் வைக்கும் ரப்பர் மெத்தை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், ரப்பர் பிதுங்கி, ஓரமெல்லாம் வெடித்து, எண்ணெய் பட்டுப் பிசுபிசு என்று இருக்கும். ஒரு கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினால் கம்பி முன்னும் பின்னும் தாராளமாக ஆடும். அந்த ஆட்டத்தோடு நீங்கள் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பிரிங் போட்டாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத்தான் போகும்.

புஷ் மாற்றும்போது ஒன்று கவனிக்க வேண்டும், இதைப் பல பட்டறைகளில் செய்வதே இல்லை. ரப்பர் புஷ் உள்ள கைகளின் போல்ட்டை, வண்டி ஸ்டாண்டில் தூக்கி நிற்கும்போது, சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் முறுக்கி இறுக்கக் கூடாது. புஷ் ஒரு தாங்கி போலச் சுழலாது, ரப்பரே முறுக்கிக்கொடுத்துத்தான் கை ஏறி இறங்குகிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கின உடனே ரப்பர் பாதி முறுக்கிலேயே நிற்கும், புதுசு கொஞ்ச நாளிலேயே கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் இறுக்க வேண்டும்.

சரி, ரப்பர் வேண்டாம், அதைவிடக் கெட்டியான பாலியுரேத்தேன் போடலாமே என்று கேட்பார்கள். மேல் கைக்குப் போடலாம், கிரீஸ் வைத்துப் போட்டால் கீச்சுச் சத்தம் இருக்காது. ஆனால் நான் சொன்ன அந்த முன் கம்பிக்கு இரண்டு பக்கமும் பாலி வேண்டாம். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பியின் கோணம் மாற வேண்டும். கெட்டியான புஷ் அதை விடாது. கம்பி மரை ஆரம்பிக்கும் கழுத்தில் வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். அப்போது சக்கரம் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷாக் அப்சார்பர். இதைப் பற்றி நிறைய எழுத வேண்டாம், நல்ல வாயு நிரப்பியதாக நாலும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள், அவ்வளவுதான். அடுத்தது வீல் அலைன்மென்ட். பழைய சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் கணக்கை அப்படியே கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள், அது அந்தக் காலத்துக் குறுக்கு நூல் டயருக்கு எழுதின கணக்கு. இன்றைய ரேடியல் டயருக்கு காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டரை மூன்று டிகிரி பாசிட்டிவ், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அரை டிகிரி நெகட்டிவ் என்று கேளுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் நிறுத்தும்போது கொஞ்சம் கனக்கும், ஓட்டத்தில் நேர்கோடு பிடித்துப் போகும். இந்த ஒரு வேலைக்குக் கொடுக்கும் காசுதான் எல்லாவற்றிலும் மலிவு, பலன் என்னவோ எல்லாவற்றையும் விட அதிகம்.

இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. 1965இல் மஸ்டாங்கை எடுத்து ஷெல்பி ஜிடி350 செய்தபோது முன் மேல் கை பூட்டும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். வண்டி வளைவில் சாயும்போது வெளிச் சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் உள்பக்கம் சாய்ந்து ரோட்டைப் பிடிக்கும். ஃபேர்மான்ட்டும் அதே குடும்பத்து அமைப்புதான், மேல் கை மேல் ஸ்பிரிங் உட்காரும் வகை. துளை போட நல்ல அளவுத்தகடும் நிதானமான கையும் வேண்டும், பாகம் என்று பெரிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருகிறேன். ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் மடியில் ஏறும். கம்பி 10 சதவீதம் தடித்தால் ஸ்பிரிங் 46 சதவீதம் கடினமாகும். இது தெரியாமல் பார்வைக்குக் கொஞ்சம்தான் தடிமன் என்று வாங்கி மாட்டிவிட்டு, முதுகு வலிக்கிறது என்று வருகிறார்கள். ஆன்டி-ரோல் பாருக்கும் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) அதே கணக்குதான், 22 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 25 போட்டால் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் கடினம். என் அண்ணன் மகனின் வண்டிக்கு ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கைக் காஸ் டார்ச்சில் காய்ச்சி உட்கார வைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும், பிறகு அது நாளுக்கு நாள் உட்கார்ந்துகொண்டேதான் இருக்கும். கழற்றிக் குப்பையில் போட்டோம். இதில் இன்னொரு ஆபத்து, ஃபேர்மான்ட்டில் முன் ஸ்பிரிங்கின் மேல் முனை போய் முட்டுவது உடம்போடு சேர்ந்த தகட்டுக் கோபுரத்தில். கடினமான ஸ்பிரிங் ஒவ்வொரு குழிக்கும் அந்தக் கோபுரத்தை இடிக்கும், வெல்டிங் ஓரமாகக் கீறல் விடும். பழைய வண்டிகளில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால் ஏற்கெனவே கீறல் இருக்கும்.

எங்கள் ரோடு எப்படி இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் டர்பன் ரோடுகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தெருவுக்குத் தெரு வேகத்தடை வேறு. இரண்டு அங்குலம் இறக்கிய வண்டியில் ஏறி இறங்க இடமே மிச்சம் இருக்காது, சக்கரம் நேராக ரப்பர் கட்டையில் போய் முட்டும், அந்த நிமிஷம் சஸ்பென்ஷனே இல்லாத வண்டி அது. காவடிக்குக் கோயில் வளாகத்துக்குள் திருப்பும்போதே அடிவயிறு உரசுகிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன பெருமை?

பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை வைத்து இறக்குவது மலிவான வழிதான், ஆனால் ரோபோட் (எங்கள் ஊரில் டிராஃபிக் சிக்னலை அப்படித்தான் சொல்வோம்) பச்சையானதும் காலை அமுக்கினால் வி8 இழுப்பில் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், பட்டை எஸ் எழுத்து போல நெளியும், டயர் பிடி விட்டுக் குதிக்கும். கட்டை வைத்தால் அந்த முறுக்குக்கு இன்னும் நீளமான நெம்புகோல் கிடைக்கிறது. தொய்ந்த பட்டையை லாரிக்குப் பட்டை அடித்துத் தருகிற கடையில் கொடுத்து வளைவை மீட்டு வாங்கி, நெளியாமல் தடுக்க இழுப்புக் கம்பி ஒரு ஜோடி போட்டால் போதும்.

இவ்வளவும் செய்தபின் போதாஸ் ஹில்லில் இருந்து டிரம்மண்ட் வழியாக இன்சாங்கா வரை பழைய மெயின் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், வளைவும் இறக்கமும் போதுமான அளவு இருக்கிறது. அதற்கும் மேல் சாய்வு அதிகம் என்று பட்டால் முன்னால் ஒரு தடித்த ஆன்டி-ரோல் பார். அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால் ஓர் அங்குலம் மட்டும் குட்டையான, தொழிற்சாலையில் சுற்றிய ஸ்பிரிங்.

இங்கே கார் கைமாறும்போது ரோட்வர்த்தி சான்றிதழ் (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று) வாங்க வேண்டும், ஸ்டீயரிங்கையும் சஸ்பென்ஷனையும் அங்கே பார்ப்பார்கள். வெட்டிய ஸ்பிரிங்கோடு போய் நின்றால் விற்கவும் முடியாது, வீட்டுக்குத் திரும்பி வருவதுதான் மிச்சம்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அதற்கு ஒரு தனிக் கட்டுரை போடுவீர்களா? ஃபேர்மான்ட்டில் முன்னால் டிஸ்க், பின்னால் இன்னும் டிரம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்