வாசலோடு நின்றுவிடும் பரிசோதனை: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தோட்ட நிர்வாகி அவர்களுக்கும், வாரந்தோறும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைப் பார்வையிட வரும் மருத்துவ உதவியாளர் அவர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா பால்மரம் சீவினார். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். நான் இப்போது பட்டணத்தில் உரிமம் பெற்ற வயர்மேனாக வேலை செய்கிறேன். அம்மா இன்னும் லயத்தில், உங்களிடம் பழம் வெட்டும் தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறார்.

கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொட்டால் "கரண்டு கொஞ்சம் அடிக்குது" என்று அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்காகவே ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு துணி துவைக்க அவர் பழகியிருந்தார். இயந்திரம் இருப்பது குளியலறைக்கு வெளியே, எந்நேரமும் ஈரம் காயாத சிமெண்ட் தரையில். நான் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய இ.எல்.சி.பி. அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் வரும் கம்பியும் போகும் கம்பியும் அதன் வழியே செல்லாமல் நேராக முறுக்கி இணைக்கப்பட்டிருந்தன. இடி இடிக்கும்போதெல்லாம் அது தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிட, எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் குளிர்பெட்டியில் இருந்த மீனெல்லாம் கெட்டுப்போயிற்றாம். அதன்பின் யாரோ தெரிந்தவரை அழைத்து 'நேராகப் போட' வைத்திருக்கிறார்கள். வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தால், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் கம்பியைத் தரையில் அறைந்த தண்டோடு பிணைக்கும் பிடி துருப்பிடித்துக் கையோடு வந்தது. அந்த எர்த்தும் துண்டிப்பானும் சரியாக இருந்திருந்தால், கசிவு தொடங்கிய கணமே மின்சாரம் நின்றிருக்கும். அம்மா எதையும் தொட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்திருக்காது.

அதே வரிசையில் என்னைப் பார்க்கச் சொன்ன ஐந்து வீடுகளில், மேலும் இரண்டில் இதே நிலைமை. "பிரேக்கர்தான் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். அந்தச் சிறு பிரேக்கர் 20 ஆம்பியருக்கு மேல் ஓடினால் வயரைக் காப்பாற்ற விழும். ஆனால் மனித இதயத்தைத் தடுமாற வைப்பதற்கு அதில் ஆயிரத்தில் சில பங்கே போதும். 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகள், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு (ஆம்பியரில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) மேற்படாத கசிவிலேயே விழும் துண்டிப்பானையும், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவில் விழுவதையும் கேட்பது இதனால்தான்.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம், தோட்டத்து வீடுகளை வாரம் ஒருமுறை பார்வையிட வேண்டும் என்கிறது. இங்கே அந்தப் பார்வை தவறுவதில்லை என்பதை நன்றியோடு சொல்கிறேன். வடிகால் சுத்தமாக இருக்கிறதா, புல் வெட்டப்பட்டதா, குப்பை அள்ளப்பட்டதா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறீர்கள். ஆனால் அந்தப் பார்வை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. கொசுப்புழுவைத் தேடி வரும் சுகாதார அதிகாரிகள் டார்ச் விளக்கோடு குளியலறைத் தொட்டிவரை வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் கதவைத் திறந்துதான் விடுகிறோம். மெயின் பெட்டியைப் பார்க்க வருபவருக்கும் அப்படியே திறந்துவிடுவோம்.

உள்ளே வந்தால் மின்சாரத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால், சிலிண்டரின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து சன்னல் கிரில்லைப் பூட்டும் வீடுகளில், சாவி இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். சாமி மேடையில் விளக்கு எரியும் இடத்துக்கு அருகே திரைத்துணியோ சீரியல் விளக்கின் வயரோ இருந்தால், அதை வீட்டாரிடம் அன்போடு எடுத்துச் சொல்லலாம். அம்மா போன்றவர்கள் நிச்சயம் கேட்டுக்கொள்வார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் அறைகளில் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மூன்று, நான்கு சோற்றுப் பானைகள் ஓடுகின்றன. அந்த வரிசையையும் விட்டுவிடாதீர்கள். பழைய வீடுகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கக்கூடும். அதை யாரும் துளையிடவோ உடைக்கவோ கூடாது என்ற ஓர் அறிவிப்பையாவது தமிழிலும் மலாயிலும் ஒட்டி வையுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் மக்கள் குறைகளை மறைக்கிறார்கள். பின்பக்கம் ஜிங்க் தகடு இறக்கிச் சமையற்கட்டை நீட்டியிருக்கிறார்கள். அங்கே விளக்கும் பிளக்கும் தாங்களே இழுத்த வயரில்தான் எரிகின்றன. பார்வையிட வருபவர் அதைப் பார்த்தால் இடிக்கச் சொல்வார், சம்பளத்தில் பிடிப்பார் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. ஆகவே முதல் சுற்றில் கண்டது எதற்காகவும் யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் அறிவித்துவிட்டு, வீட்டார் உடனிருக்கும் நேரமாகப் பார்த்து வரவேண்டும். கண்ட குறைகளையும் அவற்றைச் சரிசெய்யப் போகும் தேதியையும் எழுதிய ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். இப்போது அந்த நோட்டு அலுவலகத்திலேயே இருக்கிறது. தம்பி அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்மா வீட்டின் துண்டிப்பானையும் எர்த் பிடியையும் என் செலவில் மாற்றிவிட்டேன். வீடும் வயரிங்கும் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், உங்கள் அனுமதி இல்லாமல் அடுத்த வீட்டில் நான் கை வைக்க முடியாது. அனுமதிக் கடிதம் ஒன்று தந்தால், எங்கள் வரிசையில் இருக்கும் எல்லா வீடுகளின் மெயின் பெட்டியையும் எர்த்தையும் கூலி வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்து, வீட்டுக்கு ஒரு தாளாக உங்களிடம் எழுதித் தருகிறேன். பொருள்களின் செலவை மட்டும் நிர்வாகம் ஏற்க வேண்டும். மழைக்காலம் வலுப்பதற்குள் பதில் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
லயத்தில் வளர்ந்த வயர்மேன் ஒருவன்