செயலாளரின் ஆண்டறிக்கை: புதிய கால்பந்து லீக்கின் சின்னமும் சீருடைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இப்பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள அங்கத்தினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கடந்த பொதுக்குழு நாளிலிருந்து இன்றுவரை நமது கால்பந்துச் சங்கம் ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. அவற்றுள் இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர்கள் வராமையால் ஒத்திவைக்கப்பட்டன. இளையோருக்கான விடுமுறைக்காலப் பயிற்சி முகாம் வழக்கம்போல் நடைபெற்றது. நடுவர்களுக்கான விதிமுறை வகுப்பு ஒரு நாள் நடந்தது. மைதானத்தின் எல்லைக்கோடுகள் புதிதாக இடப்பட்டு, கிழிந்த கோல் வலைகள் மாற்றப்பட்டன.

இவ்வாண்டின் முதன்மையான பணி, எட்டு அணிகளைக் கொண்டு தொடங்கவிருக்கும் நமது புதிய லீக்குக்கு ஒரு சின்னத்தையும், எட்டு அணிகளுக்கான சீருடைகளையும் வடிவமைப்புப் போட்டி ஒன்றின் மூலம் தேர்ந்தெடுத்ததாகும். இதைப் பற்றி அங்கத்தினர்களிடையே பலவிதமான பேச்சுகள் உலவுவதாலும், தேர்வு நடந்த நாள்களில் வராதவர்களிடமிருந்தே அவற்றுள் பெரும்பாலானவை வந்திருப்பதாலும், நடந்தவற்றை விரிவாகப் பதிவு செய்வதை என் கடமையாகக் கருதுகிறேன்.

சின்னத்தைத் தொழில்முறை வடிவமைப்பாளர் ஒருவரிடமே நேரடியாகக் கொடுத்திருக்கலாமே என்ற கருத்து தொடக்கத்திலேயே எழுந்தது. பொதுப்போட்டியே வேண்டும் என்று நான் வாதிட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1950 உலகக் கோப்பையில் வெள்ளைச் சட்டையணிந்து ஆடித் தோற்ற பிரேசில் அணிக்குப் புதிய சீருடை தேடி, 1953-இல் அந்நாட்டு நாளிதழ் ஒன்று போட்டி அறிவித்தது. தேசியக் கொடியின் மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை ஆகிய நான்கு நிறங்களும் இடம்பெற வேண்டும் என்பதே நிபந்தனை. அதில் வென்ற அல்திர் கார்சியா ஷ்லீ அப்போது இருபது வயதைக்கூட எட்டாத இளைஞர். பச்சை விளிம்பிட்ட மஞ்சள் சட்டையும் நீலக் கால்சட்டையும் வெள்ளைக் காலுறையுமாக அவர் வரைந்ததைத்தான் இன்று உலகமே பிரேசிலின் அடையாளமாக அறிகிறது. நிபந்தனை தெளிவாக இருந்தால், பெயர் அறியாத ஒருவரிடமிருந்தும் நல்ல வடிவம் வரும் என்பதே நான் அன்று சொன்னது. இன்றும் அதையே சொல்கிறேன்.

நிபந்தனைகளை எழுதவே மூன்று வாரங்கள் பிடித்தன. சின்னம் முழு வண்ணத்திலும், ஒரே நிறத்திலும், கறுப்புப் பின்னணியின்மேல் வெள்ளையாகவும் என மூன்று விதமாகத் தரப்பட வேண்டும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாத வெக்டர் கோப்பாக இருக்க வேண்டும். பிறருடைய படத்தையோ எழுத்துருவையோ அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. தேர்வாகும் வடிவத்தின் உரிமையைச் சங்கத்துக்கு எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். சீருடைக்கு, சொந்த மைதானத்துக்கு ஒன்றும் வெளி ஆட்டத்துக்கு ஒன்றும் கோல்கீப்பருக்குத் தனியே ஒன்றும் வரைய வேண்டும் என்று கேட்டோம். வடிவத்தின்மேல் அனுப்பியவர் பெயர் இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி; வந்த வரிசைப்படி நான் எண்ணிட்டு, பெயர்ப் பட்டியலை உறையிலிட்டு ஒட்டி, தலைவரிடம் ஒப்படைத்துவிட்டேன். முடிவு கையெழுத்தாகும்வரை அந்த உறை பிரிக்கப்படவில்லை.

சின்னத்துக்கு 41 வடிவங்களும், சீருடைக்கு 26 தொகுப்புகளும் வந்தன. தேர்வுக்குழுவில் நாம் நியமித்தவர்கள் ஏழு பேர். முதல் அமர்வுக்கு ஐவர் வந்தனர். இரண்டாம் அமர்வுக்கு நால்வர். இறுதி முடிவு எடுக்கப்பட்ட மூன்றாம் அமர்வுக்குத் தலைவர், மூத்த நடுவர் ஒருவர், நான் என மூவர் மட்டுமே இருந்தோம். மூன்று அமர்வுகளின் நாளும் நேரமும் பத்து நாள்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கப்பட்டன. வர இயலாதவர்கள் மதிப்பெண் தாளை நிரப்பி அனுப்பலாம் என்று சொல்லியும் ஒருவரே அனுப்பினார். மூவர் கூடி முடிவெடுத்தது முறையா என்று கேட்பவர்கள், மற்ற நால்வர் அன்று எங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சின்னத் தேர்வில் அதிகமாகப் பேசப்பட்டது 9-ஆம் எண் வடிவம். பந்தின்மேல் கால் வைத்துக் கர்ஜிக்கும் சிங்கம் அது. திரையில் பெரிதாகப் பார்க்கும்போது உண்மையிலேயே கம்பீரமாக இருந்தது. வரைந்தவரின் கைத்திறனைப் பற்றி எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் சின்னம் திரைக்காக மட்டும் வரையப்படுவதன்று. 41 வடிவங்களையும் சட்டை மார்பில் வரும் அளவுக்கும், பிறகு கட்டைவிரல் நகத்தளவுக்கும் சிறிதாக்கி அச்சிட்டேன்; ஒவ்வொன்றையும் கறுப்பு வெள்ளையில் நகலும் எடுத்தேன். அந்தச் சிறிய நகலில் சிங்கத்தின் பிடரி ஒரு கறையாகிவிட்டது. முகமும் பந்தும் ஒன்றோடொன்று கலந்தன. ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்குப் படிப்படியாக மாறும் நிறச்சாயல்களைத் தையல் பூவேலையில் அப்படியே கொண்டுவருவது கடினம். நூல் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரே நிறம்தான். மேலும், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சிங்கத்தைத் தன் சின்னமாக நெடுங்காலமாக வைத்திருக்கிறது. புதிதாகப் பிறக்கும் ஒரு லீக் முதல் நாளிலேயே இன்னொன்றின் நிழலில் நிற்க வேண்டாம் என்று நாங்கள் மூவரும் ஒருமனதாக எண்ணினோம்.

தேர்வான 23-ஆம் எண் வடிவத்தில் விலங்கும் இல்லை, கேடயமும் இல்லை. மைதானத்தின் நடுவட்டத்தை எட்டு வளைகோடுகள் சேர்ந்து உருவாக்குகின்றன; ஒவ்வொரு கோடும் ஓர் அணி; எட்டும் சுழன்று சேரும் இடத்தில் வெற்றிடமாக விடப்பட்ட வட்டமே பந்து. பந்தை வரையாமலேயே பந்து தெரிகிறது என்று மூத்த நடுவர் வியந்து சொன்னார். ஒரே நிறத்திலும் அது நிற்கிறது; நகத்தளவிலும் நிற்கிறது. எதிர்காலத்தில் அணிகளின் எண்ணிக்கை கூடினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதை நாங்களும் எழுப்பிக்கொண்டோம். வளைகோடுகளைக் கூட்டினாலும் வடிவத்தின் அடிப்படை மாறாது என்பதைப் பத்துக் கோடுகளுடனும் பன்னிரண்டு கோடுகளுடனும் வரைந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

சின்னத்தை முதலில் பார்க்கும்போது சிலருக்குப் பிடிக்காமல் போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் லீட்ஸ் யுனைடெட் கழகம் வெளியிட்ட புதிய சின்னத்தை எதிர்த்துப் பல்லாயிரம் ரசிகர்கள் கையெழுத்திட்டதால், கழகமே அதைக் கைவிட நேர்ந்தது. அங்கே பழகிய சின்னம் ஒன்று மாற்றப்பட்டது. இங்கே மாற்றுவதற்குப் பழைய சின்னமே இல்லை. ஆகவே ஒரு பருவகாலம் முழுவதும் அது சட்டையில் ஓடியாடிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சீருடைத் தேர்வு இதைவிடக் கடினமாக இருந்தது; சின்னம் தனியாக நிற்கும், சீருடையோ எப்போதும் இன்னொன்றுக்கு எதிரே நிற்கும். ஆட்ட விதிகளின் 4-ஆம் விதிப்படி இரு அணிகளின் நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்றும், நடுவர்களின் நிறத்திலிருந்தும் வேறுபட வேண்டும். கோல்கீப்பர் எல்லாரிலிருந்தும் வேறுபட வேண்டும். எட்டு அணிகள் என்றால் ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். மொத்தம் 28 இணைகள். அத்தனையையும் துணித்துண்டுகளாக வெட்டி அட்டையில் ஒட்டி, அந்தி வெளிச்சத்தில் மைதானத்தின் ஒரு கோல் கம்பத்தருகே நிறுத்தி, மறு கோல் கம்பத்திலிருந்து பார்த்தோம். பகலில் நன்றாகப் பிரிந்து தெரிந்த கருநீலமும் கரும்பச்சையும் அந்த நேரத்தில் ஒன்றாகிவிட்டதை நேரில் கண்ட பிறகுதான், அவற்றுள் ஒன்று வெளிர்நிறமாக மாற்றப்பட்டது.

சிவப்பும் பச்சையும் மோதும் ஆட்டங்களுக்கு மாற்றுச் சீருடையைக் கட்டாயமாக்கியதைச் சில அணிப் பொறுப்பாளர்கள் ஏற்கவில்லை. ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். ஒரு ஆட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் 22 பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், பாஸ் கொடுக்கும் நொடியில் சக ஆட்டக்காரரை அடையாளம் காணத் தடுமாறும் ஒருவராவது நம்மிடையே இருக்க வாய்ப்பு மிகுதி. இதை அலட்சியம் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

சாம்பல் நிறச் சட்டை நாகரிகமாக இருக்கிறது என்று ஓர் அணி வற்புறுத்தியது. 1996 ஏப்ரலில் சவுதாம்ப்டனுக்கு எதிராகச் சாம்பல் சட்டையில் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட், இடைவேளைக்குள் மூன்று கோல்கள் வாங்கி, ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை என்ற காரணத்தால் இரண்டாம் பாதியில் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்ததை எடுத்துச் சொன்னோம். அணியினர் புரிந்துகொண்டு ஊதா நிறத்துக்கு இசைந்தனர். அவர்களுக்கு என் நன்றி. கோடுபோட்ட சட்டைகளுக்கு முதுகில் எண் எழுத ஒரே நிறக் கட்டம் விடப்பட வேண்டும் என்றும் திருத்தினோம். கோடுகளின்மேல் எழுதிய எண், மைதான எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் உதவி நடுவருக்குத் தெரிவதில்லை.

இத்தனை எச்சரிக்கை தேவையா என்று கேட்டவர்களுக்கு 1978 உலகக் கோப்பையை நினைவூட்டுகிறேன். மார் டெல் பிளாட்டா நகரில் பிரான்சும் ஹங்கேரியும் இரண்டுமே வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டதால், ஆட்டம் தாமதமாகி, உள்ளூர்க் கழகம் ஒன்றின் பச்சை வெள்ளைக் கோடிட்ட சட்டைகளை இரவல் வாங்கிப் பிரான்ஸ் அணி ஆடியது. உலகக் கோப்பையிலேயே அது நடந்ததென்றால், மாற்றுச் சட்டை வாங்கவே தயங்கும் நம் அணிகளுக்கு முன்கூட்டியே அட்டவணை வகுத்துக் கொடுப்பது மிகையாகாது. எந்த ஆட்டத்தில் எந்த அணி எந்தச் சீருடை அணியும் என்ற அட்டவணையை நான் தயாரித்து எட்டு அணிகளுக்கும் அனுப்பிவிட்டேன். இதுவரை மூன்று அணிகளே ஒப்புதல் கையெழுத்திட்டுத் திருப்பியுள்ளன.

தேர்வின்போது எனக்கு மனவருத்தம் தந்த நிகழ்வு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழு உறுப்பினர் ஒருவருடைய உறவினரின் வடிவமும் போட்டிக்கு வந்திருப்பதாக வாய்மொழியாகத் தெரியவந்தபோது, அவர் மதிப்பெண் இடுவதிலிருந்து விலகியிருக்குமாறு நான் கேட்டுக்கொண்டேன். அதை அவர் தம்மீதான சந்தேகமாக எடுத்துக்கொண்டு அதன்பின் கூட்டங்களுக்கு வரவில்லை. அவர் நேர்மையை நான் ஒருபோதும் ஐயுற்றதில்லை. அதே இடத்தில் என் மகன் வரைந்த வடிவம் இருந்திருந்தால் நானும் எழுந்து வெளியே போயிருப்பேன். அவர் மீண்டும் வர வேண்டும் என்று இப்பொதுக்குழுவில் வெளிப்படையாகவே அழைக்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய எதிர்பார்த்த அளவு, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்று இறங்கியிருக்கிறது என்று சொன்னால் போதும். குறைவுக்குக் காரணம் ஒன்றே: அங்கத்தினர்களில் ஐந்தில் இருவர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை, சிலருக்கு இரண்டாண்டு நிலுவை. நினைவூட்டுக் கடிதம் இருமுறை அனுப்பப்பட்டது. பெயர்களை வாசிக்குமாறு செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். நான் அதற்கு இசையவில்லை.

இந்த நிலுவையால் நேர்ந்தது என்ன என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். 23-ஆம் எண் வடிவத்தை வரைந்தவர், உறையைப் பிரித்தபோதுதான் தெரியவந்தது, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி. முடிவு தெரிந்த மறுநாளே உரிமை மாற்றுக் கடிதத்தில் கையெழுத்திட்டு, கோப்புகள் அனைத்தையும் ஒழுங்காகப் பெயரிட்டு ஒப்படைத்துவிட்டார். நாம் அவருக்கு இதுவரை கொடுத்திருப்பது ஒரு சான்றிதழும் அறிவித்த பரிசில் பாதியும். மீதியைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவருடைய சின்னத்தை நமது கடிதத்தாளின் தலைப்பில் நாம் தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். இந்த அறிக்கையே அந்தத் தாளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வருமாண்டு லீக் தொடங்குமுன் சீருடைகளுக்கு முன்பணம் கட்ட வேண்டும். நடுவர்களுக்குத் தனி நிறச் சட்டை தைக்க வேண்டும். சின்னத்தைப் பதிவு செய்ய வேண்டும். இவற்றுக்கு முன்பாக அந்த மாணவியின் மீதிப் பரிசைத் தீர்க்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. பொருளாளர் இரசீதுப் புத்தகத்துடன் கூட்டம் முடியும்வரை வாயிலருகே அமர்ந்திருப்பார். செயலாளர் பொறுப்பில் தொடர்வது குறித்து என் முடிவை, தேர்வுக்குழு போன்ற பணிகளுக்குப் பெயர் கொடுப்பவர்கள் வந்தமர்வார்கள் என்ற உறுதி கிடைத்த பிறகு தெரிவிக்கிறேன்.

தலைவர் அவர்களுக்கும், மூன்று அமர்வுக்கும் தவறாமல் வந்த மூத்த நடுவருக்கும், அச்சிட்டும் நகலெடுத்தும் உதவிய நண்பர்களுக்கும், வடிவங்களை அனுப்பிய அனைவருக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. 41 சின்னங்களும் 26 சீருடைத் தொகுப்புகளும் மதிப்பெண் தாள்களும் பின்மேசையில் வைக்கப்பட்டுள்ளன. நகத்தளவு அச்சுகளும் அங்கேயே உள்ளன. விரும்புவோர் இன்றே பார்வையிடலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்