கார்லிஸ்டுகளை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போரின் போக்கைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி பிராங்கோவின் பக்கம் நின்றவர்களைச் சொல்லும் இடத்தில், "மன்னராட்சியை விரும்பிய மதவெறியர்களான கார்லிஸ்டுகள்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. 1936இல் போர் தொடங்கும்போது அந்த இயக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

நான் முத்துக்குளித்துறையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். 1542இல் எங்கள் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், இன்றைய ஸ்பெயினின் வடக்கே இருக்கும் நவார்ராவைச் சேர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதுதான், 1512இல், பக்கத்து ராஜ்யமான காஸ்திலின் படை நவார்ராவைப் பிடித்தது. சில ஆண்டுகளில் அவர் பிறந்த கோட்டையின் மதில்களையும் இடித்தார்கள். சவேரியாரைப் பற்றிப் படிக்கப் போய், அந்த மண்ணின் பிற்கால வரலாற்றுக்குள் விழுந்தவன் நான். அங்கேதான் கார்லிஸ்டுகளைச் சந்தித்தேன்.

தொடக்கம் வாரிசுத் தகராறுதான். 1833 செப்டம்பரில் மன்னர் ஏழாம் பெர்டினாண்டு இறந்தபோது மகள் இசபெலுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஆண் வாரிசு இருக்கும்வரை பெண் அரியணை ஏறக் கூடாது என்றிருந்த 1713ஆம் ஆண்டுச் சட்டத்தை மன்னர் 1830இல் விலக்கியிருந்தார். அதை ஏற்க மறுத்தார் அவருடைய தம்பி டான் கார்லோஸ். அவர் பெயரால்தான் கார்லிஸ்டுகள்.

சரி, ஓர் அரசகுமாரனின் வழக்குக்காக மலைநாட்டு விவசாயி ஏழு ஆண்டுகள் ஏன் துப்பாக்கி தூக்கினான்? கட்டுரையாளர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் "மதவெறியர்கள்" என்ற ஒரு சொல்லோடு நின்றிருக்க மாட்டார். அவர்களுடைய முழக்கத்தில் கடவுளுக்கும் தாய்நாட்டுக்கும் மன்னருக்கும் நடுவே நாலாவதாக ஒன்று வந்து சேர்ந்தது: ஃபுவேரோஸ். நவார்ராவும் அதை ஒட்டிய பாஸ்க் மாகாணங்களும் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த தனிச் சட்டங்களுக்கும் உரிமைகளுக்கும் அந்தப் பெயர். அந்த உரிமைகள் இருந்ததால் அங்கே கட்டாய ராணுவச் சேவை கிடையாது. சுங்கச் சாவடி பிரெஞ்சு எல்லையில் இல்லை, தெற்கே எப்ரோ ஆற்றங்கரையில் இருந்தது. மன்னரானாலும் அந்தச் சட்டங்களை மதிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். இசபெலின் பக்கம் நின்ற மாட்ரிட் தாராளவாதிகளோ நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், ஒரே வரி, ஒரே ராணுவம் என்றார்கள்.

தேவாலயத்தின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 1834 ஜூலையில் மாட்ரிட்டில் காலரா பரவியது. துறவிகள்தான் நீரில் நஞ்சு கலந்தார்கள் என்று வதந்தி கிளம்பியது. கூட்டம் மடங்களுக்குள் புகுந்து இயேசு சபையாரையும் மற்றத் துறவிகளையும் வெட்டிக் கொன்றது. 1836இல் பிரதமர் மெந்திசாபாலின் அரசு மடங்களின் நிலங்களை ஏலத்துக்கு விட்டது. அவற்றைப் பணக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மடத்து நிலத்தில் பழைய குத்தகைக்கு உழுதவன் புது முதலாளியிடம் மாட்டிக்கொண்டான். டான் கார்லோஸ் வியாகுல மாதாவைத் தன் படைகளின் தலைமைத் தளபதியாக அறிவித்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

போர்களை விரித்து எழுத இடமில்லை. ஆனால் கார்லிஸ்ட் தளபதி சுமலகாரெகியை விட்டுவிட மனம் வரவில்லை. சிதறிக் கிடந்த கிராமத்து ஆட்களைப் படையாக்கியவர் அவர். பாஸ்க் நகரமான பில்பாவை முற்றுகையிடுவதில் அவருக்கு விருப்பமில்லை. டான் கார்லோஸின் அரசவை விரும்பியதால் போனார். அங்கே காலில் குண்டு பட்டு, 1835 ஜூன் 24 அன்று இறந்தார். காயம் அவ்வளவு பெரிதுகூட இல்லை. கிழக்கே போரிட்ட கார்லிஸ்ட் தளபதி காப்ரேராவின் தாயை 1836இல் அரசுப் படை சுட்டுக் கொன்றது; பதிலுக்கு அவரும் பிணையாகப் பிடித்திருந்த பெண்களைச் சுட்டார். இரண்டு பக்கமும் இரக்கம் செத்துப்போன போர் அது. 1839 ஆகஸ்டில் வெர்காராவில் கார்லிஸ்ட் தளபதி மரோத்தோவும் அரசுத் தளபதி எஸ்பார்த்தேரோவும் சமாதானமாகிக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஃபுவேரோஸைக் காக்கப் பரிந்துரைப்பேன் என்றார் எஸ்பார்த்தேரோ. 1841இல் நவார்ரா தனி ராஜ்யம் என்ற தகுதியை இழந்து மாகாணமானது. 1872இல் தொடங்கிய போரும் தோற்று, 1876 பிப்ரவரியில் கார்லிஸ்டுகள் மன்னராக ஏற்றிருந்த ஏழாம் கார்லோஸ் பிரான்சுக்குள் போனதும், அதே ஆண்டு ஜூலையில் பாஸ்க் மாகாணங்களின் ஃபுவேரோஸும் போயின.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் பாதித்தது. பில்பாவில் கப்பல் கட்டும் தொழில் செய்த ஒரு கார்லிஸ்டின் மகன் சபினோ அரானா. அவர் 1895இல் பாஸ்க் தேசியக் கட்சியைத் தொடங்கினார். அதன் முழக்கம் "கடவுளும் பழைய சட்டமும்". தகப்பன் மன்னரோடு சேர்த்துச் சொன்னதை மகன் மன்னரை விட்டுவிட்டுச் சொன்னார், அவ்வளவுதான். 1936இல் இந்த இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. ஜூலை 19 அன்று நவார்ராவின் தலைநகர் பம்ப்லோனாவின் பெரிய சதுக்கம் சிவப்புத் தொப்பி அணிந்த ரெக்கெத்தே எனும் கார்லிஸ்ட் தொண்டர்படை வீரர்களால் நிரம்பியது. அவர்கள் குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த ஜெனரல் மோலாவோடு போனார்கள். பாஸ்க் தேசியவாதிகள் குடியரசின் பக்கம் நின்றார்கள். இருபுறமும் படையோடு குருமார் போனார்கள். பத்துக்கும் மேற்பட்ட பாஸ்க் குருமாரைப் பிராங்கோ தரப்பே சுட்டுக் கொன்றது. கத்தோலிக்கனாக இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கார்லிஸ்டுகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நவார்ராவுக்குள் போர்முனையே இல்லை. ஆனாலும் அங்கே சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டார்கள்: தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், நிலம் கேட்ட விவசாயிகள். அந்த ரத்தத்தில் சிவப்புத் தொப்பிக்காரர்களுக்கும் பங்குண்டு. ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இதைச் செய்தவர்களை நான் மன்னிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிராங்கோவின் ஆட்சியைக் கார்லிசத்தின் வெற்றி என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. 1936 டிசம்பரிலேயே கார்லிஸ்டுகளின் தலைவர் ஃபால் கொந்தேயைப் போர்ச்சுகலுக்கு விரட்டினார் பிராங்கோ. ஃபால் கொந்தே செய்த குற்றம், ரெக்கெத்தே வீரர்களுக்கென்று தனி ராணுவப் பள்ளி தொடங்க முனைந்தது. 1937 ஏப்ரல் 19 அன்று ஒரே ஆணையால் கார்லிஸ்ட் இயக்கத்தையும் பாசிசக் கட்சியான பாலாங்கேவையும் ஒரே கட்சியாக்கித் தலைமையைத் தானே எடுத்துக்கொண்டார். சீருடை என்ன தெரியுமா? பாலாங்கேவின் நீலச் சட்டை, கார்லிஸ்டின் சிவப்புத் தொப்பி. பாலாங்கே கனவு கண்டது எல்லாவற்றையும் ஆளும் ஓர் அரசு. கார்லிஸ்ட் நூறாண்டு எதிர்த்ததே அப்படிப்பட்ட அரசைத்தான். இரண்டு மாதம் கழித்து பிஸ்காயா, கிப்புஸ்கோவா என்ற பாஸ்க் மாகாணங்களுக்கு எஞ்சியிருந்த வரி உரிமையைத் துரோகத்துக்குத் தண்டனை என்று பறித்தார்; நவார்ராவுக்கும் ஆலாவாவுக்கும் விசுவாசத்துக்குப் பரிசாக விட்டுவைத்தார். மன்னரே தலைவணங்க வேண்டிய உரிமையாக இருந்தது ஒரு தளபதியின் தயவாகிவிட்டது. தாராளவாதிகளிடம் பட்ட எல்லாத் தோல்விகளையும்விட இது பெரிய தோல்வி என்பது என் கருத்து.

ஒன்றாக்கும் அந்த ஆணையை ஏற்காதவர் கார்லிஸ்டுகளின் காப்பாட்சியராக, அதாவது மன்னருக்குப் பதிலாக இயக்கத்தை நடத்துபவராக இருந்த சேவியர் இளவரசர் (ஆம், நம் சவேரியாரின் பெயர்தான்). பின்னாளில் நாஜிகள் அவரை டாஹாவ் முகாமில் அடைத்தார்கள். அவருடைய மகன் கார்லோஸ் ஹூகோவை 1968இல் பிராங்கோ நாட்டைவிட்டே வெளியேற்றினார். அந்த மகனோ தொழிலாளர் சுயநிர்வாகம், சோசலிசம் என்று பேசத் தொடங்கினார். இயக்கம் இரண்டாகப் பிளந்தது. எஸ்தெய்யா நகருக்கு அருகே மோந்தெஹுர்ரா மலையில் ஆண்டுதோறும் சிலுவைப்பாதை செய்து, போரில் இறந்த ரெக்கெத்தே வீரர்களை நினைவுகூர்வார்கள். 1976 மே 9 அன்று, பிராங்கோ இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், அந்தச் சிலுவைப்பாதைக்கு வந்த கார்லோஸ் ஹூகோவின் ஆதரவாளர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் அவருடைய தம்பி சிக்ஸ்தோவின் பக்கம் திரண்டு வந்த தீவிர வலதுசாரிகள். கைதானவர்கள் 1977 பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் நடந்த முதல் சுதந்திரத் தேர்தலில் கார்லிஸ்ட் கட்சிக்கு அனுமதிகூடக் கிடைக்கவில்லை.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அந்த ஏப்ரல் 19 ஆணைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுவேரோஸ் என்றால் என்ன என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி