மேடையும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலியை வைத்துக்கொண்டு இன்னும் மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. கீழ் போர்ஷனுக்கு மாறிவிடு என்று எத்தனை தடவை சொல்வது? இங்கே அவர் தேறிவிட்டார். தும்மினால் நெஞ்சு வலிக்கிறது என்கிறார், மற்றபடி காலையில் நடக்கப் போகிறார், சாம்பாரில் உப்பில்லை என்று சண்டையும் போடுகிறார். அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பழைய மாணவியர் சங்கத்தில் கல்வி நிதி ஆரம்பிப்பது நல்ல காரியம். ஆனால் ஆண்டு விழா மேடையில் பெண்களை வரிசையாக நிறுத்தி செக் கொடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வதாகவும், உனக்கு மனசு ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு இங்குள்ள யூதர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதே மாடியில் ஓர் அறையைப் பார்த்தேன். நியூயார்க்கில் பல ஆஸ்பத்திரிகளில் இது உண்டு. ‘பிக்கூர் கோலிம்’ அறை என்கிறார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது யூதர்களுக்கு மதக் கடமை. அதன் தொடர்ச்சியாக, நோயாளியோடு தங்குகிறவர்களுக்காகவும் இப்படி ஒரு ஏற்பாடு. உள்ளே பிரிட்ஜ் நிறைய கோஷர் சாப்பாடு (அவர்கள் மத விதிப்படி செய்தது), சூப், மைக்ரோவேவ், காபி, பிரார்த்தனைப் புத்தகங்கள், அவர்கள் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மின்சார மெழுகுவர்த்தி, போன் சார்ஜர் கூட இருந்தது. தலையில் துணி கட்டிய இரண்டு பெண்கள் தள்ளுவண்டியில் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பணம் வாங்க ஆளில்லை, கையெழுத்துப் போட நோட்டும் இல்லை. நான் வாசலிலேயே தயங்கி நின்றதைப் பார்த்து ஒருத்தி, “சாப்பிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டாள். யார், எந்த மதம் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த பார்லி சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தபோது எனக்குக் கூச்சமே வரவில்லை. கூச்சம் வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் வாரம் தவறாமல் சினகாக், அதாவது யூதர்களின் ஜெபக்கூடம், போகிறவர். அவரைக் கேட்டுக் கேட்டு நிறையத் தெரிந்துகொண்டேன். தர்மம் இவர்களுக்கு மனசு இளகும்போது செய்கிற காரியம் இல்லை, வரி மாதிரி ஒழுங்கான ஏற்பாடு. யூதர்கள் இருக்கும் ஊரில் தர்ம உண்டியல் இல்லாமல் நாங்கள் பார்த்ததுமில்லை, கேட்டதுமில்லை என்று மைமோனிடிஸ் என்கிற யூத அறிஞர் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். வசூலிக்கப் போகிறவர்கள் இரண்டு பேராகப் போக வேண்டும். பங்கிட மூன்று பேர் வேண்டும். வசூலுக்குப் போன இடத்தில் தெருவில் காசு கிடந்தால்கூட அதைத் தன் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, தர்மப் பையில்தான் போட வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதல்லவா? இன்னொன்று, தர்மம் வாங்கிப் பிழைக்கிறவரும் தன்னால் ஆனதைத் தர்மம் செய்தே ஆக வேண்டும். கொடுக்கிற ஜாதி, வாங்குகிற ஜாதி என்று இரண்டாகப் பிரியாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது துக்க வீட்டு வழக்கம். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும், நம் ஊரில் எழவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவுக்காரர்கள் சமைத்து வருவதைப் போல. ஒரு காலத்தில் பணக்கார வீட்டுக்கு வெள்ளி, தங்கக் கூடையிலும் ஏழை வீட்டுக்குப் பட்டை உரித்த குச்சிக் கூடையிலும் சாப்பாடு போயிற்றாம். ஏழைகள் குன்றிப்போனார்கள். உடனே எல்லார் வீட்டுக்கும் குச்சிக் கூடைதான் என்று ஆக்கிவிட்டார்கள். தல்மூது என்கிற அவர்களுடைய பழைய சட்ட நூலில் இருக்கிறது இது. ஏழைக்கும் வெள்ளிக் கூடை வாங்கிக் கொடுக்கவில்லை பார், பணக்காரனைக் குச்சிக் கூடைக்கு இறக்கினார்கள்! அடக்கச் செலவும் அப்படித்தான். சாவைவிடச் செலவு பெரிய பாரமாகி, பிணத்தைப் போட்டுவிட்டு உறவினர்கள் ஓடுகிற நிலைமை வந்ததாம். தலைவராக இருந்த ரப்பன் கமாலியேல் தன்னைச் சாதாரண நார்த்துணியில் எடுத்துப்போகச் செய்தார். ஊரே அதைப் பின்பற்றியது. இன்றைக்கும் யாராக இருந்தாலும் பையே வைக்காத வெள்ளைத் துணிதான். உடம்பைக் குளிப்பாட்டி உடுத்துவதும் சபையைச் சேர்ந்த தொண்டர்கள்தான். பக்கத்து வீட்டு அம்மாள் பல வருஷமாக அதைச் செய்கிறார். நடு ராத்திரியில் போன் வந்தாலும் எழுந்து போவார். இறந்தவர் நன்றி சொல்ல முடியாது, அதனால்தான் அது உயர்ந்த உபகாரம் என்பார்.

தல்மூதில் வருகிற மார் உக்வா என்கிற பெரியவரின் கதையும் அந்த அம்மாள் சொன்னதுதான். பக்கத்து ஏழை வீட்டுக் கதவிடுக்கில் தினமும் நாலு காசு போட்டுவிட்டு வருவாராம். ஒரு நாள் மனைவியும் கூடப் போனாள். யார் போடுகிறார்கள் என்று பார்க்க அந்த ஏழை வெளியே வர, இருவரும் ஓடிப்போய், நெருப்பை அப்போதுதான் வாரியெடுத்திருந்த ஓர் அடுப்புக்குள் ஒளிந்தார்கள். அவருக்குக் கால் சுட்டது, மனைவிக்குச் சுடவில்லை. அவள் வீட்டிலேயே இருந்து கேட்கிறவர்களுக்கு நேராகச் சாப்பாடு போடுகிறவள், அதனால் அவள் புண்ணியம் பெரிது. எவ்வளவு நியாயமான கதை! ஒரு மனுஷனை வெட்கப்பட வைப்பதைவிட நெருப்பில் நிற்பது மேல் என்று ஒளிந்திருக்கிறார்கள்.

கொடுப்பவர் பெயர் வரவே கூடாது என்பதில்லை. சினகாக் சுவரில், நாற்காலியில் எல்லாம் பெயர்ப் பலகை இருக்கிறது, நம் கோயிலில் ‘உபயம்’ எழுதுகிற மாதிரி. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வாங்குகிறவர் பெயர் எங்கேயும் வராது, அதுதான் முக்கியம். சினகாக் சந்தா முழுசாகக் கட்ட முடியாதவர் ரகசியமாகச் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம். பல சபைகளில் ரபியின், அதாவது மதகுருவின், கையில் தனி நிதி உண்டு, யாருக்குக் கொடுத்தார் என்று அவர் வெளியே சொல்லமாட்டார்.

மைமோனிடிஸ் தர்மத்துக்கு எட்டுப் படி சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேல் படி, ஒருவர் இனிமேல் கேட்கவே தேவையில்லாமல் கடனோ வேலையோ கொடுத்துக் கைதூக்கிவிடுவது. நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய ஹீப்ரு ஃப்ரீ லோன் சொசைட்டி இன்றும் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது, யூதரல்லாதவர்களுக்கும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மேடையும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம் என்று கூட்டத்தில் தைரியமாகச் சொல். நன்கொடை தந்தவர்களை வேண்டுமானால் மேடையேற்றிச் சால்வை போடுங்கள். பீஸை நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டிவிடுங்கள். எந்தப் பெண்ணுக்கு என்பது மூன்று பேருக்கு மேல் தெரிய வேண்டாம். அந்த மூவரில் ஒருத்தி நம் கணக்கு டீச்சராக இருந்தால் நல்லது, அவருக்குக் குழந்தைகளின் வீட்டு நிலைமை தெரியும், வாய் திறக்கமாட்டார். படித்து வேலைக்குப் போனதும் முடிந்ததைத் திருப்பி நிதியில் போடலாம் என்று சொல்லி வைத்தால், வாங்கும்போதே அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிர்வு இருக்கும்.

என் பங்கை அடுத்த மாதம் பையன் மூலமாக அனுப்புகிறேன். கூட்டம் என்றைக்கு என்று எழுது. எக்ஸ்ரே எடுத்தால் டாக்டர் என்ன சொன்னார் என்றும் மறைக்காமல் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி