பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர்களுக்கு

அன்புக்குரிய அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு இருப்பது, பகலில் அடக்க முடியாதபடி தூக்கம் வந்து தாக்கும் நார்கொலெப்சி, அதில் முதல் வகை என்று உறுதியாகிவிட்டது. ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தலைகாட்டும். கண்டுபிடிப்பதற்குள் பலருக்குப் பத்து ஆண்டுகள்கூட ஓடிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கையெழுத்து கோணலாகி, கிறுக்கலாகி, கோட்டைவிட்டு இறங்கிப் போகும். பேனா நின்றிருக்காது; நான் தூங்கியிருப்பேன். அந்த நோட்டைப் பார்த்து என்னைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். சோம்பல் என்றார்கள், அக்கறையில்லை என்றார்கள், இரவெல்லாம் கைபேசி பார்க்கும் பழக்கம் என்றார்கள். தீர்ப்பு எதுவும் சொல்லாமல், கண்ணில் பட்டதை அப்படியே சொன்னவர்கள் சிலர்தான். எனக்கு நோய் தெரியவந்தது அந்தச் சிலரால். பெயர் எழுதாவிட்டாலும் படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

டாக்டர் அம்மா, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் அறைக்கு வந்தபோது என் ஃபைல் தடித்திருந்தது. தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை எதிலும் குறையில்லை. மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றுமில்லை. வலிப்பாக இருக்குமோ என்று ஓரிடத்தில் எடுத்த இ.இ.ஜி.யிலும் ஒன்றுமில்லை. இன்னோரிடத்தில் மனச்சோர்வு என்று முடிவுகட்டி மாத்திரை கொடுத்திருந்தார்கள். "எல்லாம் நார்மல்" என்ற சொல் மற்றவர்களுக்கு நிம்மதி தரும். எனக்கோ அது ஒவ்வொரு முறையும் "நீ நடிக்கிறாய்" என்று சொல்வதாகவே கேட்டது. நீங்கள் ஃபைலை முழுதும் படித்தீர்கள். பிறகு அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "வாய்விட்டுச் சிரிக்கும்போது உடம்பில் எங்காவது தளர்கிறதா?" என்று கேட்டீர்கள்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. தூக்கத்துக்கும் சிரிப்புக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், பேச்சு குழறும், ஆனால் நினைவு தப்பாது என்றேன். நீங்கள் வியப்பும் காட்டவில்லை, அவசரமும் படவில்லை. முகத்தில் தொடங்குகிறதா, காலிலா? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? கோபம் வந்தாலும் இப்படி ஆகுமா? சுற்றியிருப்பவர்கள் பேசுவது கேட்குமா? நான் சொன்னதையெல்லாம் என் சொற்களிலேயே எழுதிக்கொண்டீர்கள். உணர்ச்சி பொங்கும் நேரத்தில் தசைகளின் இறுக்கம் சில நொடிகளுக்கோ ஓரிரு நிமிடங்களுக்கோ அற்றுப்போகும் இந்த நிலைக்குக் கேட்டப்ளெக்ஸி என்று பெயர். நார்கொலெப்சியின் முதல் வகைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. விழித்த பிறகும் கைகால் அசையாமல் கிடப்பதைப் பேய் அமுக்குவதாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது தூக்க முடக்கம் என்று விளக்கினீர்கள். தூங்கப்போகும் நொடியில் அறைக்குள் யாரோ நடமாடுவதாகத் தெரிவது, தூக்கத்துக்குமுன் கனவு முந்திக்கொள்வதால் என்றீர்கள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து நான் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது. அங்கேயே அழுதுவிட்டேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தீர்கள்.

உடனே சோதனைக்கு அனுப்பாததற்கும் நன்றி. மனச்சோர்வு மாத்திரைகள் கனவுத் தூக்கத்தை அடக்கிவிடும், அந்த நிலையில் சோதித்தால் முடிவு பிசகும் என்று சொல்லி, மாத்திரை எழுதிய மருத்துவரோடு நீங்களே பேசி, சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினீர்கள். அதன்பிறகும் இரண்டு வாரம் பொறுத்தீர்கள். அதுவரை என் மணிக்கட்டில் அசைவைப் பதிவுசெய்யும் கருவி, தலைமாட்டில் தூக்க நாட்குறிப்பு. தூக்கம் போதாமல் வந்து படுப்பவருக்கும் இதே முடிவு வரக்கூடும் என்பதால் அவ்வளவு கவனம். அந்த வாரங்களில் சிரிப்பில் வரும் தளர்ச்சி கூடிவிட்டது. நோய் இன்னதென்று தெரியாமல் கொடுத்த மாத்திரை, நோயின் முக்கிய அடையாளத்தையே ஓரளவு மறைத்து வைத்திருந்திருக்கிறது! இதைப் படிக்கிறவர்கள் யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடாத காரியம் அது.

தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணியில் இருந்த அண்ணனுக்கு அடுத்த நன்றி. சீப்பு நுனியால் முடியை வகிர்ந்து வகிர்ந்து, பசை தடவி, ஒவ்வொரு மின்முனையாக ஒட்டினீர்கள். தலையில், கண்ணோரங்களில், தாடையில், நெஞ்சில், காலில். ஒட்டும்போதே எது எதற்கு என்றும் சொன்னீர்கள். கண்ணோரத்தில் இருப்பது விழி உருள்வதைக் காட்டும். தாடையில் இருப்பது தசை தளர்வதைக் காட்டும். நள்ளிரவில் நான் அடிக்கடி விழித்துப் புரண்டபோது, ஒலிபெருக்கி வழியே, "பரவாயில்லை, விழிப்பதும் பதிவாக வேண்டியதுதான்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் பதற்றம் அடங்கிவிட்டது.

மறுநாள் பகல் சோதனையை நடத்திய சகோதரிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்க வேண்டும், மொத்தம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்து, ஒரே குரலில், "அசையாமல் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தூங்க முயலுங்கள்" என்பீர்கள். தூக்கம் பிடித்துக் கால் மணி நேரம் ஆனதும் எழுப்புவீர்கள். படுப்பதில் எனக்குச் சிரமமில்லை. இடைப்பட்ட நேரத்தில் தூங்காமல் இருப்பதுதான் வதை. ஒயர்களோடு என்னை நடைகூடத்தில் நடக்க வைத்தீர்கள், பேச்சுக் கொடுத்தீர்கள், நின்றபடியே கண் செருகியபோது தோளைத் தொட்டு எழுப்பினீர்கள். ஒரு தடவைகூட உங்கள் முகத்தில் சலிப்பு இல்லை. ஒரு சுற்று முடிந்ததும், "நான் தூங்கவில்லையே" என்றேன். "நீங்கள் சொல்வதையும் குறித்துக்கொள்கிறேன்" என்றீர்கள். திரையில் என்ன ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் என் சொல்லுக்கு அந்தத் தாளில் ஓர் இடம் கொடுத்தீர்கள்.

இந்த நோய்தான் என்று சொல்ல, அந்தப் பகல் சோதனையில் சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூக்கம் வந்திருக்க வேண்டும். தூங்கிய 15 நிமிடத்துக்குள் இரண்டு முறையாவது கனவுத் தூக்கம் தொடங்கியிருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் அறிக்கையில் இரண்டு நிபந்தனையும் ஐயத்துக்கு இடமின்றி நிறைவேறியிருந்தன.

முடிவு வந்த அன்று, டாக்டர் அம்மா, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூளையை வரைந்தீர்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ். அதில் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள். நலமாக இருப்பவரிடம் அவை ஏறத்தாழ 70,000 இருக்கும். பல ஆயிரம் கோடி நரம்பணுக்கள் கொண்ட மூளையில் அது மிகச் சிறிய கூட்டம். ஆனால், நம்மை விழிக்க வைக்கும் நார்அட்ரினலின், ஹிஸ்டமின், செரட்டோனின், டோபமின் மையங்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கூட்டத்திலிருந்து இழைகள் போகின்றன. விழிப்பு என்ற கதவுக்கு ஓரெக்சின்தான் தாழ்ப்பாள் என்றீர்கள். தாழ்ப்பாள் கழன்றுவிட்டால் லேசான காற்றுக்கும் கதவு திறந்து திறந்து மூடும். பகலில் தூக்கம் புகுவதும் இரவில் விழிப்பு புகுவதும் இந்த ஒரே குறையால்தான். 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் நான் மற்றவர்களைவிட அப்படியொன்றும் அதிகமாகத் தூங்குவதில்லை என்று நீங்கள் சொன்னதை, என் அம்மா மறுபடி மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கனவு காணும்போது உடல் அசையாதபடி மூளைத்தண்டு தசைகளை முடக்கி வைப்பது எல்லாருக்கும் நடப்பது. எனக்கு அது விழித்திருக்கும்போதே, ஒரு சிரிப்பின் தூண்டுதலில் நடந்துவிடுகிறது.

ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதும் அன்றுதான் விளங்கிற்று. இவ்வளவு சிறிய கூட்டம் அழிவது வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் பிடிபடாது. தண்டுவட நீரை எடுத்து ஓரெக்சினை அளக்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் நோய் உறுதி. என் அறிகுறிகளும் சோதனையும் ஒத்துப்போனதால் அதற்கு அவசியம் வரவில்லை.

நான் நேரில் காணவே முடியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1880இல் நார்கொலெப்சி என்று பெயரிட்ட பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ, தன்னிடம் வந்த 38 வயது மதுப்பீப்பாய் வணிகர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு நாளில் 200 முறைவரை தூக்கம் தாக்கிய அந்த மனிதருக்கு, வாய்விட்டுச் சிரித்தால் கால் தளர்வதையும் ஜெலினோ விடாமல் குறித்திருக்கிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் 1970களில் நார்கொலெப்சி உள்ள நாய்களை வளர்க்கத் தொடங்கினார். பிடித்த உணவைக் கண்ட மகிழ்ச்சியிலேயே கால் மடங்கிச் சரியும் நாய்கள் அவை. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1999இல் இமானுவேல் மிஞோ குழுவினர் அவற்றில் டோபர்மேன் இன நாய்களின் மரபணுவில் குறையைக் கண்டார்கள்: ஓரெக்சினை ஏற்கும் ஏற்பி பழுது. அதே ஆண்டில் மசாஷி யனகிசாவா குழுவினர், ஓரெக்சின் இல்லாத எலிகளை இரவின் இருட்டில் அகச்சிவப்புக் கேமராவால் படம்பிடித்து, அவை ஓடியாடும்போதே திடீரெனச் சரிவதைப் பார்த்தார்கள். இருவருக்கும் 2023ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசு கிடைத்தபோது என் வீட்டாருக்குக் கிடைத்ததாகவே எனக்குப் பட்டது.

இவர்கள் எல்லாரையும்விட, இறந்த பிறகு தங்கள் மூளையை ஆய்வுக்கு விட்டுச்சென்ற நோயாளிகளை அதிகம் நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டில் அந்த மூளைகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தபோது, ஓரெக்சின் நரம்பணுக்களில் 85 முதல் 95 சதவீதம் வரை காணவில்லை. பக்கத்திலேயே கலந்திருக்கும் வேறு வகை நரம்பணுக்கள் குறையாமல் இருந்தன. குறிப்பிட்ட ஒன்றைத் தேடி அழித்ததாகத் தெரியும் இந்த அடையாளமும், பெரும்பாலான நோயாளிகளிடம் காணப்படும் ஒரு குறிப்பிட்ட நோயெதிர்ப்பு மரபணு வகையும் சேர்ந்துதான், உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே இதைச் செய்கிறது என்ற கருத்தை வலுப்படுத்தின. அந்த மனிதர்களின் காலத்தில் அவர்களுக்கும் சோம்பேறிப் பட்டம் கிடைத்திருக்கும். பதில் சொல்லும் வேலையை அவர்களுடைய மூளை செய்தது. என் மூளையையும் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

என் மேலதிகாரிக்கு: மதியத்துக்கு முன்னும் பின்னும் குறித்த நேரத்தில் இருபது நிமிடம் தூங்கிக்கொள்ள ஓர் அறையைத் திறந்துவிட்டீர்கள். எவரிடமும் விளக்கம் சொல்லும்படி என்னை நிறுத்தவில்லை. இந்த நோயில் குட்டித் தூக்கமும் மருந்துதான். நோய் கட்டுக்குள் வரும்வரை நான் வண்டி ஓட்டக்கூடாது என்றதும், கேட்காமலே அழைத்துப்போக வந்த தோழிக்கு, உன் நேரத்தின் அருமையை நான் அறிவேன்.

அக்கா, உனக்குத் தனியாக எழுத வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்தேன். நீ கைபேசியில் எடுத்த அந்த வீடியோவை டாக்டர் அம்மா இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். நீ சொன்ன எதற்கோ நான் சிரிக்கிறேன். முதலில் இமை சரிகிறது, கன்னம் தளர்கிறது, தலை விட்டுவிட்டுத் தொங்குகிறது, கையில் இருந்த தம்ளர் சாய்கிறது. உன் இன்னொரு கை வந்து தம்ளரைத் தாங்குகிறது. நீ அலறவில்லை. "நான் பேசுவது கேட்டால் விரலை அசை" என்கிறாய். விரல் அசைகிறது. நொடிகளைச் சத்தமாக எண்ணத் தொடங்குகிறாய். நினைவு தப்பவில்லை என்பதற்கு என் தடித்த ஃபைலில் எங்கும் இல்லாத சான்று அந்த விரல்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து என் எதிரில் அளந்து பேசுகிறாய். பிள்ளைகளையும் கண்ணால் அடக்குகிறாய். வேண்டாம் அக்கா. மருந்தால் தளர்ச்சி வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தாலும் சில நொடிகள்தான். நான் உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது பழையபடி பேசு.

நன்றியுடன்,
உன் தங்கை