ஆபிஸ்காரர்களுக்குப் படிப்பிக்க வரும் மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். கொட்டகலையில் மழை விட்டபாடில்லை. நீ பேசும்போது சிக்னல் பாதியில் போய்விட்டது, அதனால்தான் கடிதம்.

கம்பனி உன்னையே பிடித்து, நம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபிஸ்காரர்களுக்கு ஏஐ உதவியாளரைப் பழக்கச் சொல்லியிருப்பது நல்ல விஷயம். வேர்டிலும் எக்செலிலும் அவுட்லுக்கிலும் மைக்ரோசொஃப்டின் கோபைலட் வந்து உட்கார்ந்திருக்கிறது, யாரும் தொடுவதில்லை என்று ஹெட் ஆபிஸ் குறைப்படுகிறதாமே. "ஆட்களோட வேலைநாளும் சம்பளமும் பதியுற செக்ரோல் எழுதினவங்க நீங்க, எங்க தொடங்கினா கேப்பாங்க?" என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன்.

நீ அனுப்பிய ஸ்லைடுகள் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் அரை மணித்தியாலம் உலகம் எப்படி மாறப்போகிறது என்ற பேச்சு. அதைத் தூக்கிவிடு. தோட்ட ஆபிஸில் உட்கார்ந்திருப்பவருக்கு உலகம் 10ஆம் திகதியில் முடிகிறது. அன்றைக்குச் சம்பளம் போகாவிட்டால் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் யார் பதில் சொல்வது?

எங்கள் ஆபிஸுக்கு முதன்முதல் சம்பளக் கம்பியூட்டர் வந்தபோது, கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பகல் முழுக்க இங்கிலீஷில் விளக்கிவிட்டுப் பின்னேர ரயிலைப் பிடித்துப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பெட்டிக்குத் துணி போர்த்தி வைத்திருந்தோம். பெரிய கிளாக்கர் ஐயாதான் ஒரு வழி பண்ணினார். சம்பளம் கொடுத்து முடிந்துபோன ஒரு மாதத்துச் செக்ரோலை எடுத்து, கையால் போட்ட கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதையே கம்பியூட்டரிலும் போடச் சொன்னார். இரண்டும் எங்கே இடிக்கிறது என்று தேடுவதுதான் வேலை. அரைநாள் வேலையான அரைப்பேரை அது எப்படி எடுக்கிறது, தீபாவளி முற்பணத்தை எந்த வரியில் கழிக்கிறது, மேலதிகமாகப் பறித்த கிலோவுக்கு எந்தக் கணக்கைப் போடுகிறது என்று தேடித்தேடித்தான் பயம் போனது. அந்த ஐயா இங்கிலீஷில் பேசினவரை விட நல்ல வாத்தியார் என்பது என் எண்ணம்.

நீயும் அப்படியே செய். புதுவேலையைக் கொடுத்துப் பழக்காதே. விடை எல்லாருக்கும் தெரிந்த பழைய மாதம் ஒன்றை எடு. நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்த மாதம் என்று வைத்துக்கொள். 22 நாள் வேலை செய்த ஒரு ஆளுக்கு 29,700. அதில் 8 வீதம், ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப்புக்கு அவர் பங்கு, 2,376. கம்பனியின் 12 வீதம் 3,564. ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப்புக்குக் கம்பனி கட்டும் 3 வீதம் 891. இதை எந்தக் கிளாக்கரும் தூக்கத்தில் சொல்வார். இப்போது ஃபைலைக் கொடுக்காமல் கோபைலட்டிடம் வெறும் வாயால் கேட்கச் சொல். 2021இல் வந்த பழைய நாட்சம்பளம் 1000 ரூபாயை வைத்தும் அது கணக்குப் போடலாம், அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காத தொனியில். பிறகு ஃபைலைக் கொடுத்து, எந்தத் தாள், எந்த வரி என்று காட்டிக் கேட்கச் சொல். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவருக்கு, எப்படிக் கேட்பது என்று நீ தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்று. கூட்டல் பெருக்கலை அதன் தலையில் கட்டவேண்டாம் என்று அழுத்திச் சொல். அது கோர்வையாக அடுத்தடுத்த சொல்லைப் பிடிக்கிற ஒன்று, கணக்குப்பிள்ளை இல்லை. எக்செலில் 2025இல் கோபைலட் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் வந்ததே, எண் கணக்குக்கு அதைப் பாவிக்காமல் வழக்கமான ஃபார்முலாவையே போடுங்கள் என்று மைக்ரோசொஃப்ட்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை உன் ஸ்லைடில் பெரிய எழுத்தில் போடலாம். ஃபார்முலாவை எழுதித் தரச் சொல்லலாம், ஏன் அப்படி எழுதினாய் என்று விளக்கமும் கேட்கலாம். ஆனால் விடையை எக்செல்தான் சொல்ல வேண்டும்.

நான் மிகவும் பயப்படுவது பெயர்ப்பட்டியலுக்கு. எந்தத் தோட்டத்திலும் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். மேற்கணக்கு டிவிஷனில் ஒரு லெட்சுமி, கீழ்க்கணக்கில் ஒரு லெச்சுமி, நடுவில் ஒரு லட்சுமி. ஆளைப் பிரிப்பது செக்ரோல் நம்பர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, ஈபிஎஃப் புத்தகத்தில் இன்னொன்று என்று இங்கிலீஷ் எழுத்து மாறிக் கிடப்பதால், 55 வயதில், பெண்கள் என்றால் 50இல், காசை எடுக்கப் போய் அலைந்த எத்தனை பேரை நீயே சின்ன வயதில் நம் வாசலில் பார்த்திருக்கிறாய், சத்தியக் கடதாசி எழுதக் கேட்டு வந்து நிற்பார்கள். இப்போது ஒரு சின்னக் கிளாக்கர், "இந்தப் பட்டியலைத் துப்புரவாக்கு, இரட்டிப்பை எடு" என்று கோபைலட்டிடம் சொன்னால் என்ன ஆகும்? பார்வைக்குப் பட்டியல் பளிச்சென்று வரும். ஒரு லெச்சுமி காணாமல் போயிருப்பாள், இல்லை அவள் எழுத்து அடையாள அட்டையோடு ஒட்டாமல் திருத்தப்பட்டிருக்கும். அது வெளியே தெரிய இருபது வருஷம் ஆகும். பயிற்சியில் இதை வேண்டுமென்றே நடத்திக் காட்டு. பொய்ப் பெயர்களால் ஒரு பட்டியல் செய்து, துப்புரவாக்கச் சொல்லி, முன்னும் பின்னும் தலைகளை எண்ணச் சொல். மூலப் பட்டியலின் நகலில் மட்டும் கைவைப்பது, நம்பரை வைத்தே ஒப்பிடுவது, பெயர் எழுத்தைத் திருத்தவே கூடாது என்று கேட்கும்போதே சொல்லிவிடுவது, இவை மூன்றும் பழகிவிட்டால் எனக்கு நிம்மதி.

நியூயோர்க்கில் 2023இல் வக்கீல்கள், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன வழக்குகளை உண்மை என்று கோர்ட்டில் கொடுத்து 5,000 டொலர் தண்டம் கட்டிய கதையையும் உன் ஸ்லைடில் பார்த்தேன். இருக்கட்டும். ஆனால் லெச்சுமி கதை நம் ஆட்களுக்குச் சீக்கிரம் ஏறும்.

இதெல்லாம் படித்துவிட்டு அம்மா இதற்கு எதிரி என்று நினைக்காதே. கடித விஷயத்தில் இது பெரிய உதவி. நல்ல மூளையுள்ள பிள்ளைகள், இங்கிலீஷ் வராத ஒரே காரணத்தால், ஹெட் ஆபிஸுக்கு நாலு வரி எழுத அடுத்தவர் மேசைக்குப் போய்க் காத்து நிற்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். உரம் வந்து சேரவில்லை, லொறி பாலத்தடியில் நிற்கிறது என்று தமிழிலோ உடைந்த இங்கிலீஷிலோ சொன்னால் ஒழுங்கான கடிதம் வருகிறதே, அந்தப் பிள்ளைகள் இனி யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒன்றுதான், அதற்கு வாய் நீளம். இரண்டு வரியில் முடிகிற சங்கதிக்கு ஒரு பக்கம் மரியாதை சொல்லும். வெட்டப் பழக்கு. உன் அப்பா, தோட்ட மனேஜர் துரைக்கு எழுதும்போது அந்த மரியாதையும் வேண்டும்தான் என்கிறார். அவர் காலம் அப்படி.

பெரியவர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று கோபப்பட்டாயே, அதற்கு உன் குறிப்பிலேயே பதில் இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர் ப்ரின்ஜோல்ஃப்சனும் மற்ற இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் 5,179 பேரைப் பார்த்தார்கள். ஏஐ துணையோடு ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் வேலை மொத்தத்தில் 14 வீதம் கூடியது, புதியவர்களுக்கு 34 வீதம், அனுபவசாலிகளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படியிருக்க, முப்பது வருஷம் செக்ரோல் பார்த்த ஒருவரை நீ பிடிவாதக்காரர் என்றால் எப்படி? அவருக்கு உண்மையிலேயே லாபம் குறைவு. அவரைச் சரிபார்ப்பவராக உட்கார வை. சின்னப் பிள்ளைகள் கோபைலட்டிடம் வாங்கியதை அவர் கண்ணால் ஓட்டிப் பிழை பிடிக்கட்டும். எந்த ஆபிஸுக்குப் போனாலும் முதலில் பெரிய கிளாக்கரிடம் தனியாகப் போய்ப் பேசு. சின்னவர்கள் முன்னால் அவரைக் கீபோர்டில் தடுமாற வைத்தால் அந்த ஆபிஸில் உன் வேலை அன்றோடு முடிந்தது.

ஆட்களின் விபரம் பற்றி நீ எனக்குச் சொல்லித்தந்ததை அங்கேயும் சொல். கம்பனி கணக்கில் திறக்கும் கோபைலட் வேறு, சொந்தப் போனில் இருக்கும் இலவச ஏஐ வேறு. அடையாள அட்டை நம்பர், பேங்க் நம்பர், யார் பிரசவ லீவில் இருக்கிறாள் என்பதெல்லாம் போனில் ஒட்டக் கூடாதவை. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. அதை விட ஆபத்து உள்ளே. ஒருவருக்குத் திறக்க அனுமதியுள்ள ஃபைல் எல்லாவற்றிலும் கோபைலட் தேடும். எல்லாருக்கும் பொது என்று யாரோ விட்டுவைத்த ஃபோல்டரில் ஸ்டாஃப் சம்பளத்தாள் கிடந்தால், கேட்டவருக்கு அதையும் எடுத்துக் கொடுக்கும். பயிற்சிக்கு முந்தியே ஹெட் ஆபிஸ் ஐடி ஆட்களைக் கொண்டு அனுமதிகளைப் பார்த்துவிடு.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று வரும்: நாளைக்கு எங்களைக் குறைப்பார்களா? 1992இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்தபோதும் இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் மென்று விழுங்கினோம். உன் வாயால் "ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதே, அது உன் கையில் இல்லை. ஹெட் ஆபிஸ் என்ன நினைக்கிறது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு வா. எழுதித் தரமாட்டார்கள் என்றால் அதையும் பெரிய கிளாக்கர்மாரிடம் மறைக்காதே.

பயிற்சி முடிந்தபின் எத்தனை பேர் கோபைலட்டைத் திறந்தார்கள் என்று எண்ணிக் காட்டினால் ஹெட் ஆபிஸ் சந்தோஷப்படும். நீ வேறொன்றைப் பார். ஜன்னலில் வந்து நிற்கும் அக்கா, "ஐயா, எனக்கேன் இந்த மாசம் குறையுது?" என்று கேட்டால், அந்தக் கிளாக்கர் சம்பளச் சீட்டில் விரல் வைத்து வரிவரியாகச் சொல்கிறாரா? "கம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது" என்றால் அவருக்கு இன்னொரு தடவை வகுப்பு வை.

1ஆம் திகதிக்கும் 10ஆம் திகதிக்கும் நடுவில் எதையும் வைக்காதே, ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். 15க்குப் பிறகு, நுவரெலியா ஹோட்டலில் எல்லாரையும் கூட்டாமல், ஒவ்வொரு ஆபிஸாகப் போ. ஹட்டன் பக்கத்து ஆபிஸ்களை முதல் வாரத்தில் வைத்தால் இங்கேயே தங்கலாம், முன் அறையை ஒதுக்கி வைக்கிறேன். எந்த மாதத்து ஃபைலை எடுக்கப் போகிறாய் என்று தெரிந்ததும் சொல், கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா